மழைநீரை இல்லத்தில் பயன்படுத்துதல்: சேமிப்பு மட்டும் போதுமா?

முன்னுரை

மழைநீர்ச் சேமிப்பு என்னும் சொல்லை இன்று தமிழகத்தில் அறியாதார் இலர். மாநிலத்திலுள்ள எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பு அமைப்பு இருக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதன் பயனாக வீடுகளிலும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் குருமனைகளிலும் மாடியிலிருந்து இறங்கும் குழாயையும், அது முடியும் இடத்தில் ஒரு குழியையும் காண்கிறோம். ஆயினும் அவ்வாறு இறங்கும் நீரை அன்றாட வீட்டுப் பணிகளுக்கு எடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே பரவலாக வேரூன்றவில்லை. நீரைத் தேக்குவது வேறு. தேக்கிய நீரை முறையாகச் செலவிடுவது வேறு. முதலாவதைச் சட்டத்தால் செய்விக்க இயலும். இரண்டாவது வீட்டாரின் அறிவையும் பழக்கத்தையும் பொறுத்தது.

கூரையிலிருந்து கிடைக்கும் நீரின் அளவு யாது, அது எப்பணிகளுக்கு ஏற்றது, அதை எவ்வாறு காத்துப் பயன்படுத்துவது என்னும் வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம். இவற்றினூடே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்று உண்டு. கூரைநீரைக் கோடைக்கென்று மூடி வைப்பதைவிட, மழைக்காலத்திலேயே நாள்தோறும் எடுத்துச் செலவிடுவதுதான் பெரும்பாலான இல்லங்களில் மிகுந்த நீரை மிச்சப்படுத்தும். இது முதற்பார்வைக்கு முரண்பாடாகத் தோன்றலாம். அது எவ்வாறு உண்மையாகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

1. மழையின் இயல்பு

தமிழகம் மழையற்ற நாடன்று. மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. ஆனால் அதில் பாதியளவு வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அம்மூன்று மாதங்களிலும் அது சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் தாழ்வழுத்தம் உருவாகும் நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பல நாள்கள் ஓய்ந்துவிடுகிறது. ஓராண்டுக்கும் மற்றோர் ஆண்டுக்கும் உள்ள வேறுபாடும் பெரிது.

சென்னை மாநகரின் அண்மைய வரலாறு இதற்குச் சான்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை நகரில் பெரிதும் குறைந்தது. அதன் விளைவாக 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வற்றின. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் மூலம் நகருக்குக் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடையே கழிந்தவை நான்கு ஆண்டுகள்கூட அல்ல.

அத்தகைய கோடையில் துன்பம் எல்லார்மீதும் ஒரே அளவாக விழுவதில்லை. பணமுடையோர் தனியார் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகின்றனர்; ஆழ்குழாயை மேலும் ஆழப்படுத்துகின்றனர். இவ்விரண்டுக்கும் வழியற்ற குடும்பங்களின் பெண்களும் சிறுமியரும் குடங்களுடன் தெருமுனையில் காத்து நிற்கின்றனர். ஆகவே மழைக்காலத்தில் நாம் ஒரு வாளி நீரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது நம் இல்லத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று.

2. பண்டைய துரவும் இன்றைய குழியும்

இல்லந்தோறும் மழைநீரைச் சேமிக்கவேண்டும் என்னும் கட்டளை புதியதன்று. 1868ஆம் ஆண்டில் யோர்தானுக்குக் கிழக்கேயுள்ள தீபோனில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோவாபியக் கல்வெட்டை இறையியல் மாணவர் அறிவர். கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டில், மோவாபின் அரசனாகிய மேசா தன் வெற்றிகளோடு தான் செய்த கட்டடப் பணிகளையும் குறித்துள்ளான். நகரத்தினுள் துரவு எதுவும் இல்லாதிருந்ததையும், மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு துரவு அமைத்துக்கொள்ளுமாறு தான் ஆணையிட்டதையும் அதில் அவன் பதிவு செய்திருக்கிறான். 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்கு ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் முந்திய ஆணை அது.

பலஸ்தீன மலைநாட்டில் கோடை முழுவதும் மழை கிடையாது. ஊற்றுகள் சில இடங்களில் மட்டுமே உண்டு. எனவே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, நீர் கசியாதபடி உட்புறத்தில் சுண்ணச் சாந்து பூசி, கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையை அதனுள் செலுத்தினர். சாந்து வெடித்தால் நீர் பாறை இடுக்குகளில் மறைந்துவிடும். தூர் வாரப்படாவிட்டால் அடியில் சேறு மிஞ்சும். வெடிப்புள்ள தொட்டியைப் பற்றிய எரேமியாவின் உவமையும், அவர் இறக்கப்பட்ட துரவில் நீரின்றிச் சேறே இருந்தது என்னும் குறிப்பும் இந்த நடைமுறை உண்மைகளைப் பின்னணியாகக் கொண்டவை.

நம் நாட்டிலும் இதற்கு ஒத்த மரபுகள் இருந்தன. செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுச் சார்புகள் நடு முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். முற்றத்தில் விழும் நீரை அண்டாக்களில் பிடித்து வைத்தனர். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் குடிநீருக்கென ஊருணியைத் தனியே வெட்டி, குளிப்பதற்கும் கால்நடைகளுக்கும் வேறு குளங்களை வைத்திருந்தனர். நீரின் தூய்மைக்கு ஏற்றபடி பணியைப் பிரித்த அறிவு அங்கே காணப்படுகிறது. இந்த அறிவு நம் ஆய்வுக்கு மிகவும் தேவையானது.

மேசாவின் துரவுக்கும் நம் குழிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. துரவு நீரை வைத்து வழங்குவது. நம் வீடுகளில் மிகுதியாக அமைக்கப்பட்ட கசிவுக் குழியோ நீரை நிலத்திற்குள் அனுப்புவது. மண்ணும் மணலும் உள்ள பகுதிகளில் நிலமே பெரிய தொட்டியாகப் பயன்படுவதால் இம்முறை பொருத்தமானதே. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. 2005ஆம் ஆண்டின் பெருமழையும் அதற்குத் துணை செய்தது. எனினும் குழிக்குள் அனுப்பிய நீரையே மறுநாள் மோட்டாரை இயக்கி மேலே ஏற்றுகிறோம். அந்நீரின் ஒரு பகுதியை நிலத்துக்குள் செல்லுமுன்னரே வீட்டில் பயன்படுத்தினால், ஏற்றும் மின்சாரமும் மிஞ்சும். நிலத்தில் முன்னரே இருந்த நீரும் அசையாது நிற்கும். எனவே தொட்டியும் குழியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. தொட்டி முதலிலும் குழி அதன் பின்னரும் வரவேண்டும்.

3. கூரை தரும் நீரின் அளவு

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். கூரை நனைவதிலும், ஆவியாவதிலும், வெளியே தெறிப்பதிலும் ஒரு பகுதி குறையும். கான்கிரீட் தளத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு கைக்கு வரும் எனக் கொள்ளலாம். ஓட்டுக் கூரையில் சிறிது குறையும். தகரக் கூரையில் சிறிது கூடும்.

நடுத்தர அளவுள்ள ஒரு குருமனையின் மாடி 100 சதுர மீட்டர் எனக் கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில் அம்மாடியிலிருந்து 4,000 லிட்டர் கிடைக்கும். வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்தின் சராசரி மழை ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். அம்மூன்று மாதங்களில் அதே மாடி ஏறத்தாழ 35,000 லிட்டர் தருகிறது. கடலோர மாவட்டங்களில் இது மேலும் மிகும். ஒரு லாரி 10,000 லிட்டர் கொண்டுவரும் எனக் கொண்டால், மூன்றரை லாரித் தண்ணீர் வாசலில் வந்து இறங்கி, பெரும்பாலும் சாக்கடை வழியே போய்விடுகிறது.

4. எப்பணிக்கு எந்நீர்?

இனி வீட்டின் செலவை நோக்குவோம். நகர்ப்புற இல்லத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வழங்கிவரும் அளவுகோல். அதன் பகுப்பு பொதுவாக இவ்வாறு காட்டப்படுகிறது: குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, வீடு கழுவ 10, பாத்திரம் துலக்க 10, சமையலுக்கு 5, குடிக்க 5 லிட்டர்.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். உள்ளே உட்கொள்ளும் நீர் 135இல் 10 லிட்டர் மட்டுமே. கழிப்பறை, துணி, தரை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 60 லிட்டர் செலவாகிறது. இம்மூன்றுக்கும் குடிநீரின் தூய்மை தேவையில்லை. ஆனாலும் தொலைவிலுள்ள ஏரியிலிருந்து கொணர்ந்து, தெளிய வைத்து, குளோரின் கலந்து, குழாய் வழியே அனுப்பிய நீரையே நாம் கழிப்பறையில் ஊற்றுகிறோம். சென்னையில் 2010ஆம் ஆண்டு முதல் மீஞ்சூரிலும், 2013ஆம் ஆண்டு முதல் நெம்மேலியிலும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து நன்னீராக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அவ்வளவு மின்சாரம் செலவிட்டுப் பெற்ற நீரும் இவ்வாறே போகிறது.

வடிகட்டிய மழைநீர் இம்மூன்று பணிகளுக்கும் தகுதியானது மட்டுமன்று. துணி துவைப்பதற்கு ஆழ்குழாய் நீரைவிடச் சிறந்தது. மழைநீரில் சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகள் இல்லை. எனவே சோப்பு எளிதில் நுரைக்கும். குறைந்த அளவே போதும். அலசுவதற்கும் குறைந்த நீர் போதும். கழிப்பறைப் பீங்கானிலும் குழாய்களிலும் வெண்படலம் படியாது. கடின நீரில் வேக மறுக்கும் பருப்பு மழைநீரில் விரைவில் வெந்துவிடும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அறிவர். செடிகளுக்கும் உப்பற்ற இந்நீர் ஏற்றது.

ஐவர் உள்ள குடும்பத்துக்குத் தலைக்கு 60 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 300 லிட்டர். தோட்டத்துக்கு 50 லிட்டர் சேர்த்தால் 350 லிட்டர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 92 நாள்களுக்கு 32,200 லிட்டர் தேவை. கூரை தரும் 35,000 லிட்டரும் இத்தேவையும் ஏறத்தாழ ஒத்திருப்பதை நோக்குக. மழை ஒரே சீராகப் பெய்வதில்லை ஆதலால் முழுவதையும் பிடித்துவிட இயலாது. ஆயினும் அதன் பெரும்பகுதி நம் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

5. நிறைந்த தொட்டியின் குறைபாடு

இங்கே நம் மையக் கருத்துக்கு வருகிறோம். 5,000 லிட்டர் கொள்ளும் தொட்டியை ஒருவர் கட்டுகிறார். அக்டோபர் மாதத்து முதல் மழைகளில் அது நிரம்பிவிடுகிறது. கோடையில் உதவும் என்று எண்ணி அவர் அதைத் தொடாமல் மூடி வைக்கிறார். அதன்பின் பெய்யும் ஒவ்வொரு மழையும் தொட்டியின் விளிம்பில் வழிந்து வெளியேறுகிறது. ஏப்ரல் மாதத்தில் அவர் திறக்கும்போது அவரிடம் இருப்பது 5,000 லிட்டர். நாம் கண்ட கணக்கின்படி அது 14 நாள்களில் தீர்ந்துவிடும். அவர் பெற்ற பயன் அவ்வளவே.

அவருடைய அயலார் அதே அளவுள்ள தொட்டியைக் கட்டி, நீர் நிரம்பிய மறுநாளே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்குகிறார். அடுத்த மழை வருமுன் தொட்டி பாதியோ முழுதோ காலியாகிறது, மீண்டும் நிரம்புகிறது. பருவம் முடியுமுன் ஐந்து முறை நிரம்பிக் காலியானால் அவர் பயன்படுத்தியது 25,000 லிட்டர். அந்த 25,000 லிட்டரை அவர் கிணற்றிலிருந்தோ நகராட்சிக் குழாயிலிருந்தோ எடுக்கவில்லை. அந்நீர் நிலத்தடியிலும் ஏரியிலும் கோடைக்கென நிற்கிறது. தொட்டியின் பயனை அதன் கொள்ளளவைக் கொண்டு மட்டும் அளத்தல் தவறு. அது எத்தனை முறை காலியாக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே அளக்கவேண்டும்.

இதே உண்மை எளியோருக்கும் ஊக்கம் தரக்கூடியது. பெரிய தொட்டி கட்ட வசதியில்லாத வீட்டில் 200 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாயை வைத்தாலும் போதும். நாம் எடுத்துக்கொண்ட மாடியில் 3 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அது நிரம்பிவிடும். பருவத்தில் இருபது முறை நிரம்பி இருபது முறை காலியானால் 4,000 லிட்டர் மிச்சம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படலாம். முதலாவது, மழைக்காலத்தில்தான் எங்கும் நீர் மிகுதியாக இருக்கிறதே, அப்போது சிக்கனம் எதற்கு என்பது. மழை மிகுந்த ஆண்டில் ஏரிகள் நிரம்பி வழியும்போது நம் சிக்கனத்தின் ஒரு பகுதி வீணாவது உண்மையே. ஆனால் அக்டோபர் மாதத்தில் நிற்கும் எவருக்கும் அடுத்த ஆண்டு 2015ஐப் போன்றதா, 2019ஐப் போன்றதா என்பது தெரியாது. அறிய முடியாத கோடைக்கு ஆயத்தம் செய்யும் காலம் மழைக்காலமே.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. நாம் நிலத்தில் விட்டுவைக்கும் நீர் நம் பெயரில் வைக்கப்படுவதில்லை. அடுத்த வீட்டார் தம் மோட்டாரால் அதை உறிஞ்சிக்கொள்வர் அல்லவா என்பது. ஆம், உறிஞ்சக்கூடும். நிலத்தடி நீருக்கு மதில் கிடையாது. ஆனால் இதே காரணத்தினால்தான் நாம் விட்டுவைத்த நீர் ஆழ்குழாய் இல்லாத ஏழையின் கிணற்றிலும் தெருவின் அடிகுழாயிலும் நிற்கிறது. தன் தொட்டியில் பூட்டிய நீர் தனக்கு மட்டும் உதவும். நிலத்தில் விட்ட நீர் ஊருக்கு உதவும். இதில் எதை விரும்புகிறோம் என்பதை ஒவ்வோர் இல்லமும் தீர்மானிக்கவேண்டும்.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களையும் எலும்புகளையும் பாதிக்கிறது. கடலோரச் சிற்றூர்கள் சிலவற்றில் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ளது. அத்தகைய இடங்களில் மழைநீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமெனக் கோடை வரை காத்து வைப்பதே சரியாகும். ஐவர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் வீதம் மழையற்ற 270 நாள்களுக்கு 13,500 லிட்டர் தேவைப்படும். இல்லத்தின் தேவையையும் நிலத்தின் தன்மையையும் ஆராய்ந்த பின்னரே முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

6. அமைப்பும் பாதுகாப்பும்

மழைநீரைப் பயன்படுத்தத் தொடங்கிய சிலர் அதைக் கைவிடுவதற்கு அழுக்கும் கொசுவுமே காரணங்களாகின்றன. இரண்டையும் தடுக்க இயலும்.

முதலாவது, மாடி. பருவம் தொடங்குமுன் மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும். இலைகள் உள்ளே செல்லாதபடி குழாயின் வாயில் கம்பி வலை பொருத்தவேண்டும். மாடியில் படிந்த தூசியும் பறவைகளின் எச்சமும் முதலில் விழும் மழையில் கரைந்து வரும். எனவே முதல் நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும். சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை விலக்கினால் போதுமானது. இறங்கு குழாயின் அடியில் திறந்து மூடும் ஒரு கிளைக் குழாய் இருந்தால் இதை எளிதில் செய்யலாம். நெடுநாள் இடைவெளிக்குப்பின் பெய்யும் ஒவ்வொரு மழைக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, வடிகட்டி. ஒரு சிறு தொட்டியில் அடியில் கூழாங்கல்லும், அதன்மேல் கரியும், அதன்மேல் பருமணலும் இட்டு, நீரை மேலிருந்து விடவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மணலைக் கழுவிக் காயவைத்து மீண்டும் இடவேண்டும், கரியை மாற்றவேண்டும். கழுவாத வடிகட்டி அழுக்கைச் சேர்த்து வைத்து நீரில் கலப்பதாகவே முடியும்.

மூன்றாவது, தொட்டி. ஒளி புகாத மூடி இன்றியமையாதது. ஒளி புகுந்தால் பாசி வளரும். வழிந்தோடும் குழாயின் வாயிலும் காற்றுப் போக்கியிலும் நெருக்கமான கொசுவலை கட்டவேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிட வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டெஃபன்சி என்னும் கொசு கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே திறந்த பீப்பாய்களையும் அண்டாக்களையும் வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கக்கூடியவை. நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. நாள்தோறும் எடுத்துச் செலவிடும் தொட்டி இவ்வகையிலும் தேங்கிய தொட்டியைவிட நலம் தருவது.

நான்காவது, குழாய்களின் பிரிவு. மழைநீர்க் குழாயைக் குடிநீர்க் குழாயோடு எவ்விடத்திலும் இணைத்தல் கூடாது. மழைநீர்க் குழாய்க்குத் தனி வண்ணம் பூசி, குடிப்பதற்கு அன்று என்று திறப்பான் அருகே எழுதி வைத்தல் விருந்தினருக்கும் சிறுவருக்கும் பாதுகாப்பு. குடிப்பதற்கு மழைநீரைப் பயன்படுத்த நேர்ந்தால் வடிகட்டிக் கொதிக்க வைத்த பின்னரே பயன்படுத்தவேண்டும். ஈயம் கலந்த பழைய வண்ணம் பூசிய கூரையிலிருந்து வரும் நீரைக் குடிக்கலாகாது. கொதிக்க வைப்பதால் ஈயம் நீங்காது.

7. ஒரே நீருக்கு இரு பணி

மழைநீரைத் துணி துவைக்கப் பயன்படுத்திய பின்னும் அதன் பயன் முடிந்துவிடவில்லை. கடைசியாக அலசிய நீரில் சோப்பு மிகக் குறைவு. அதை ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கோ, வாசல் கழுவவோ பயன்படுத்தலாம். காய்கறியும் அரிசியும் களைந்த நீரை நேரே செடிகளுக்கு ஊற்றலாம். குளியல் நீரையும் துவைத்த நீரையும் கல்வாழை, வாழை, சேம்பு ஆகியவை வளரும் பாத்திக்குத் திருப்பி விடுதல் நல்லது. இவை நீரை மிகுதியாக உறிஞ்சுவன. சோப்புக் கலந்த நீரையும் ஓரளவு தாங்குவன.

இங்கே எச்சரிக்கைகள் சில உண்டு. கழுவிய நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தல் கூடாது, நாற்றமெடுக்கும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்களுக்கும் அதை ஊற்றலாகாது. சலவைத் தூளிலுள்ள சோடியம் உப்புகள் ஒரே பாத்தியில் தொடர்ந்து சேர்ந்தால் மண் இறுகும். ஆதலால் பாத்திகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மழைநீரில் துவைக்கும்போது சோப்பு குறைவாகச் செலவாவதால் இத்தீங்கும் குறைகிறது.

8. மிகுந்த நீர் நிலத்திற்கு

தொட்டி நிரம்பியபின் வழியும் நீரைச் சாலைக்கு விடாமல் கிணற்றுக்கோ கசிவுக் குழிக்கோ செலுத்தவேண்டும். வீட்டில் திறந்த கிணறு இருந்தால், அது வற்றியிருந்தாலும் தூர்க்கலாகாது. வடிகட்டிய நீரை அதில் விடுவதே சிறந்த வழி. கிணறு இல்லாவிட்டால் ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் செங்கல் ஜல்லியும் கூழாங்கல்லும் நிரப்பி, மேலே மணல் பரப்பலாம். களிமண் நிலத்தில் குழியின் நடுவே துளையிட்டு, மணற்பாங்கான அடுக்கு வரை நீரை இறக்கவேண்டும். மலக்குழிக்கு அருகில் கசிவுக் குழியை அமைத்தல் கூடாது.

கடலோரத்தில் இப்பணிக்குத் தனிச் சிறப்பு உண்டு. மணலடியில் நன்னீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் இயலில் அறியப்பட்ட விதி. மாறாக, மிகையாக இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால் அடியிலிருந்து உப்புநீர் அதே விகிதத்தில் மேலேறும். ஒருமுறை உப்பேறிய கிணறு மீண்டும் இனிக்கப் பல பருவங்கள் ஆகும்.

9. ஆயரும் சேகரமும்

நாம் இதுவரை கூறியவை எல்லா இல்லங்களுக்கும் பொருந்தும். எனினும் இவ்விதழின் வாசகருக்குத் தனிப்பட்ட பொறுப்பு ஒன்று உண்டு. ஊரிலேயே பெரிய கூரைகளுள் ஒன்று பெரும்பாலும் ஆலயக் கூரையாக இருக்கிறது. 300 சதுர மீட்டர் கூரையில் பருவமழை முழுவதும் பெய்தால் ஏறத்தாழ ஒரு இலட்சம் லிட்டர் நீர் இறங்கும். அதோடு பள்ளி, மாணவர் விடுதி, உபதேசியார் இல்லம் ஆகியவற்றின் கூரைகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்ப்போமாக. விடுதியின் கழிப்பறைகளுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் இந்நீர் பருவம் முழுவதும் போதுமானதாகலாம். எஞ்சியது வளாகக் கிணற்றில் இறங்கினால் மதிலுக்கு அப்பாலுள்ள கிணறுகளும் பயன்பெறும்.

இங்கே ஒரு நடைமுறை இடையூறு உண்டு. ஆயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றம் பெற்றுச் செல்கின்றனர். ஆர்வமுள்ள ஓர் ஆயர் அமைத்த வடிகட்டி, அவருக்குப்பின் வருபவருக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மண்மூடிப் போகக்கூடும். ஆகவே இதை ஆயர் ஒருவரின் தனி ஆர்வமாக விடாமல் சேகரக் குழுவின் பொறுப்பாக்குதல் நன்று. குழாய்கள், வடிகட்டி, தொட்டி, குழி ஆகியவை இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் குருமனைச் சுவரில் மாட்டி வைக்கலாம். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பாத்திரங்களோடும் பதிவேடுகளோடும் இதையும் சேர்க்கலாம். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் மாடியையும் வடிகட்டியையும் தூய்மை செய்வதற்கு ஒரு நாளை வாலிபர் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, தொடர்ச்சியே தேவை.

முடிவுரை

நாம் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். கூரையிலிருந்து இறங்கும் நீர் பருவகாலத்தில் இல்லத்தின் தாழ்ந்த தரப் பணிகள் அனைத்துக்கும் ஏறத்தாழ ஈடாகும் அளவினது. அதைத் தூய்மையாகப் பிடித்து, ஏற்ற பணிக்கு எடுத்து, இயன்றால் இருமுறை பயன்படுத்தி, எஞ்சியதை நிலத்துக்கு அனுப்புவதே முறையான வரிசை. குடிநீர் கெட்டுள்ள இடங்கள் நீங்கலாகப் பிற இடங்களில், தொட்டியை மழைக்காலத்திலேயே மீண்டும் மீண்டும் காலியாக்குவதுதான் கோடைக்கான உண்மையான சேமிப்பு.

அவ்வாறு மிச்சமாகும் நீர் எவ்வீட்டுத் தொட்டியிலும் எண்ணிக் காட்டத்தக்கதாக இராது. மே மாதத்தில் ஏதோ ஒரு தெருவின் அடிகுழாய் இன்னும் சில நாள்கள் வற்றாமல் இருக்கும். அங்கே நீர் பிடிக்கும் பெண்ணுக்கு அது எவருடைய சிக்கனத்தால் நின்றது என்பது தெரியாது. அடுத்த அக்டோபர் வருமுன் நம் மாடிகளையும் வடிகட்டிகளையும் ஒருமுறை பார்வையிட்டு, முதல் மழையின் நீரை முதல் வாரத்திலேயே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்குவோமாக.